கூலன்ட் வேலை முடிந்தது, ஹீட்டர் மட்டும் சூடாகவில்லை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரேடியேட்டர், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறக்கும் வால்வு), ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல்பகுதியான ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் தகடு) என்று எதையாவது கழற்றி மாட்டிய பிறகு ஹீட்டர் வேலை செய்யாமல் போனால், ஹீட்டரைக் கடைசியாகச் சந்தேகப்படுங்கள். நேற்றுவரை நன்றாக இருந்த ஹீட்டர், ரேடியேட்டர் மாற்றிய அன்றே தானாகக் கெட்டுப்போவது அபூர்வம். உள்ளே காற்று நிற்கும். இல்லையென்றால் கை வைத்த இடத்தில் ஏதோ ஒன்று மாறியிருக்கும். கீழே உள்ளவை பெட்ரோல், டீசல் இன்ஜின் கார்களுக்கானவை.

கூலன்ட் மாற்றுவதற்கு முன்பு ஹீட்டர் சரியாக இருந்தது. இப்போது குளிர்ந்த காற்றுதான் வருகிறது. ஏன்?

ஹீட்டருக்கென்று தனி அடுப்பு கிடையாது. இன்ஜினில் சூடேறிய கூலன்ட்டில் ஒரு பங்கு, ஒரு ஹோஸ் வழியாக டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் சின்ன ரேடியேட்டருக்குப் போகிறது. அதுதான் ஹீட்டர் கோர். புளோயர் அதன் ஊடாகக் காற்றை ஊதுகிறது. சூட்டை இழந்த கூலன்ட் இன்னொரு ஹோஸ் வழியாக வாட்டர் பம்புக்குத் திரும்பிவிடும்.

பல கார்களில் இந்தக் கோர் உயரமான இடத்தில் இருக்கிறது. கூலன்ட்டை வடித்து மறுபடி ஊற்றும்போது காற்று மேட்டைத் தேடிப்போய் அங்கே உட்கார்ந்துகொள்ளும். வாட்டர் பம்பின் இம்பெல்லர், அதாவது இறகுச் சக்கரம், திரவத்தைத் தள்ளுவதற்காகச் செய்யப்பட்டது. காற்றை அதனால் தள்ள முடியாது. வழியில் ஒரு லிட்டர் காற்று நின்றாலே கூலன்ட் அந்தப் பக்கம் போகாமல் எளிதான வழியில் சுற்றிக்கொண்டிருக்கும். இதைத்தான் ஏர் லாக் என்கிறோம்.

எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பது?

எந்தப் பாகத்தையும் வாங்குவதற்கு முன்பு ஹீட்டருக்குப் போகும் இரண்டு ஹோஸ்களையும் தொட்டுப் பாருங்கள். இன்ஜின் அறைக்கும் கேபினுக்கும் நடுவே இருக்கும் தடுப்பில், கட்டைவிரல் பருமனில் இரண்டு ரப்பர் குழாய்கள் பக்கத்துப் பக்கத்தில் உள்ளே நுழையும். இன்ஜின் முழுச் சூட்டுக்கு வரட்டும். ஹீட்டரை அதிகபட்ச சூட்டில், புளோயரை நடுத்தர வேகத்தில் வைத்து ஐந்து நிமிடம் விடுங்கள். பிறகு புறங்கையால் லேசாகத் தொடுங்கள். பெல்ட்டுக்கும் ஃபேனுக்கும் கை போகக் கூடாது. எலெக்ட்ரிக் ஃபேன் இன்ஜின் நின்ற பிறகும் திடீரென்று சுற்றும்.

இரண்டும் கை வைக்க முடியாத அளவு சூடு என்றால் கோருக்குள் கூலன்ட் ஓடுகிறது. கோளாறு டேஷ்போர்டுக்குள், காற்று போகும் வழியில். ஒன்று கொதிக்கிறது, மற்றது ஆறிக் கிடக்கிறது என்றால் ஓட்டம் இல்லை: ஏர் லாக், கோர் அடைப்பு, மூடிக் கிடக்கும் ஹீட்டர் வால்வு, இந்த மூன்றில் ஒன்று. இரண்டுமே வெதுவெதுப்பு என்றால் இன்ஜினே சூடாகவில்லை, அல்லது கூலன்ட் மிகவும் குறைந்திருக்கிறது.

இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் இருந்தால் இன்னும் துல்லியம். கறுப்பு ரப்பரின் மேல் குறிவையுங்கள். பளபளக்கும் உலோகத்தில் அது குறைத்துக் காட்டும். புளோயர் ஓடும்போது திரும்பிவரும் ஹோஸ் 10 முதல் 20 டிகிரி குறைவாக இருப்பது இயல்பு. 30 டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்தால் ஓட்டம் போதவில்லை.

ஏர் லாக்கை எப்படி எடுப்பது?

இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. வெளிக்காற்றைவிட 1 பார் கூடுதல் அழுத்தத்தில் தண்ணீர் ஏறத்தாழ 120 டிகிரியில்தான் கொதிக்கும். மூடியைத் திறந்து அழுத்தம் போன அதே நொடியில் அது நீராவியாகி முகத்தில் அடிக்கும்.

காரின் முன்பக்கத்தை ரேம்ப்பில் ஏற்றுங்கள், அல்லது மேடு நோக்கி நிறுத்துங்கள். ஊற்றும் வாய் எல்லாவற்றையும்விட உயரத்தில் இருப்பதுதான் நோக்கம். ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். சாவியைப் போட்டு ஹீட்டரை முழுச் சூட்டுக்குத் திருப்புங்கள். வால்வு உள்ள கார்களில் இதைச் செய்யாவிட்டால் கோருக்குப் போகும் வழியே மூடியிருக்கும். அடிக்கடி மறந்துபோகிற படி இது.

தெர்மோஸ்டாட் ஹவுஸிங்கிலோ, ரேடியேட்டரின் மேல் ஹோஸிலோ, ஹீட்டர் ஹோஸிலோ பிளீடு ஸ்க்ரூ (காற்றை வெளியே விடும் திருகாணி) இருந்தால் திறந்துவிட்டு, கூலன்ட்டை நூல் போல மெதுவாக ஊற்றுங்கள். அவசரப்பட்டுக் கொட்டினால் இறங்கும் கூலன்ட்டே மேலே வரும் காற்றுக்கு வழிமறிக்கும். ஸ்க்ரூவிலிருந்து முதலில் புஸ் என்று காற்று வரும், பிறகு நுரையும் கூலன்ட்டும் விட்டுவிட்டு வரும், கடைசியில் குமிழி இல்லாத ஒரே தாரை வரும். அந்தத் தாரை வந்ததும் மூடுங்கள். பல ஸ்க்ரூக்கள் பித்தளை அல்லது பிளாஸ்டிக். முறுக்கி இறுக்கினால் தலை கையோடு வந்துவிடும்.

இப்போது மூடி திறந்தபடியே இன்ஜினை ஸ்டார்ட் செய்து, ஆக்சிலரேட்டரைத் தொடாமல் ஐடிலில் விடுங்கள். ஊற்றும் வாயில் இறுகப் பொருந்தும் உயரமான புனல் இருந்தால் இந்த வேலை பாதியாகும். நடுநடுவே மேல் ஹோஸை, சூடேறுவதற்கு முன்பு, பிசைந்து விடுங்கள். ஒவ்வொரு பிசைவுக்கும் குமிழிகள் கிளம்பும். தெர்மோஸ்டாட் திறக்கும் நேரத்தில் மட்டம் சட்டென்று இறங்கும், ஊற்றுங்கள். ரேடியேட்டர் ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை காத்திருங்கள். குமிழி நின்று, ஹீட்டரில் சூடான காற்று வந்ததும் இன்ஜினை 2000 ஆர்பிஎம்மில் ஒரு நிமிடம் பிடியுங்கள். புனல் இருந்தால் இன்ஜின் ஆறிய பிறகுதான் அதைக் கழற்ற வேண்டும். புனல் இல்லாமல் செய்தால், தெர்மோஸ்டாட் திறந்து மட்டம் நிலைத்ததும் மூடியைப் போட்டுவிட்டு மீதியை மூடியோடு ஓட்டுங்கள்.

அன்றோடு வேலை முடியவில்லை. இன்ஜின் ஆறும்போது கூலன்ட் சுருங்கி, ரிசர்வ் டேங்கிலிருந்து இழுத்துக்கொள்ளும். அடுத்த இரண்டு மூன்று நாள் காலையில், ஸ்டார்ட் செய்வதற்கு முன்பு மட்டம் பார்த்து நிரப்புங்கள்.

எல்லாம் சரியாக நிரம்பியதா என்று எப்படித் தெரியும்?

வடித்ததை அளந்து வையுங்கள். வெளியே வந்தது 5 லிட்டர், உள்ளே போனது 4 லிட்டர் என்றால் மீதி 1 லிட்டர் இடத்தில் காற்று இருக்கிறது. இதைவிட எளிய சோதனை இல்லை. ஆனாலும் பெரும்பாலோர் வடித்ததைப் பார்க்காமலே ஊற்றிவிடுகிறார்கள். கையேட்டில் போட்டிருக்கும் மொத்தக் கொள்ளளவோடு மட்டும் ஒப்பிட்டால் ஏமாறுவீர்கள். ரேடியேட்டரின் அடி பிளக்கைத் திறந்தால் ரேடியேட்டரில் இருப்பதுதான் பெரும்பாலும் வடியும். பிளாக்கிலும் ஹீட்டர் கோரிலும் கணிசமான பகுதி தங்கிவிடும்.

ஐடிலில் குளிர் காற்று, ஆக்சிலரேட்டரை அழுத்தினால் சூடு. இது என்ன?

ஓட்டம் விளிம்பில் நிற்கிறது. வேகம் கூடும்போது பம்பு எப்படியோ தள்ளிவிடுகிறது. சிக்னலில் நின்றதும் முடியவில்லை. முதல் காரணம் கூலன்ட் குறைவு அல்லது மிச்சக் காற்று. அதனால் மட்டத்தைப் பார்த்து, மறுபடி காற்றை எடுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் கோரில் பாதி அடைப்பு. மூன்றாவதாகத்தான் பம்பு: இம்பெல்லர் இறகுகள் அரித்திருக்கலாம், அல்லது பிளாஸ்டிக் இம்பெல்லர் தண்டில் பிடிப்பு விட்டு வழுக்கலாம். வெளியே ஒரு சொட்டு லீக் இல்லாமலே பம்பு இப்படிச் செத்துப்போகும்.

நிற்கும்போது சூடாக இருக்கிறது, நெடுஞ்சாலையில் ஓடும்போது ஆறிவிடுகிறது.

தெர்மோஸ்டாட் திறந்தபடியே மாட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது அதை எடுத்துவிட்டு வெறும் ஹவுஸிங்கை மூடியிருக்கிறார்கள். ஓவர் ஹீட் ஆன வண்டியில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது பழைய கைவைத்தியம். அதன் பிறகு இன்ஜின் சரியான சூட்டுக்கு வராது, பெட்ரோல் அதிகம் குடிக்கும், ஹீட்டரும் போகும்.

சாதாரண தெர்மோஸ்டாட் 82 முதல் 95 டிகிரிக்குள் திறக்கத் தொடங்கும். சரியான எண் அதன் மேலேயே பொறித்திருக்கும். பழையதையோ புதியதையோ சோதிக்க, ஒரு பாத்திரத் தண்ணீரில் நூலில் கட்டித் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு சூடேற்றுங்கள். பாத்திரத்தின் அடியில் படக் கூடாது. பொறித்த எண்ணுக்கு இரண்டு மூன்று டிகிரி முன்பின் வால்வு அசையத் தொடங்க வேண்டும். ஆறியதும் முழுக்க மூட வேண்டும்.

வண்டியிலேயே பார்ப்பதானால், குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து ரேடியேட்டரின் மேல் ஹோஸில் கை வையுங்கள். தெர்மோஸ்டாட் மேல் ஹோஸ் பக்கம் இருக்கும் இன்ஜின்களில் பல நிமிடங்களுக்கு அது குளிர்ச்சியாகவே இருந்து, பிறகு திடீரென்று சூடாக வேண்டும். முதல் நிமிடத்திலிருந்தே மெல்ல மெல்லச் சூடேறினால் தெர்மோஸ்டாட் மூடவில்லை.

புதிய தெர்மோஸ்டாட் போட்டுத்தான் இந்தத் தொல்லையே ஆரம்பித்தது.

தலைகீழாக மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். மெழுகு அடைத்த உருளையும் ஸ்பிரிங்கும் இன்ஜின் பக்கம், சூடான கூலன்ட்டில் மூழ்கி இருக்க வேண்டும். தட்டையான விளிம்பில் ஒரு சின்னத் துளையும் அதில் ஆடும் ஊசியும் இருந்தால் அது மேல் நோக்கி, கடிகாரத்தில் 12 இருக்கும் இடத்தில் வர வேண்டும். காற்று வெளியேறும் வழி அது. கீழே போனால் தெர்மோஸ்டாட்டுக்கு அடியில் காற்று தேங்கும். உருளையைச் சுற்றித் திரவத்துக்குப் பதில் காற்று இருந்தால் அது தாமதமாகத்தான் திறக்கும். இன்ஜின் சூடு ஏறி ஏறி இறங்கும்.

சூடு காட்டும் மீட்டரின் முள் சிவப்பைத் தொடுகிறது, ஆனால் ஹீட்டரில் குளிர் காற்று. ஓட்டலாமா?

ஓட்டக் கூடாது. உடனே ஓரம் கட்டி இன்ஜினை அணையுங்கள். இன்ஜின் கொதிக்கும்போது ஹீட்டரில் சூடு வரவில்லை என்றால் கூலன்ட் சுற்றவே இல்லை என்று பொருள்: ஒழுகிப் போயிருக்கும், பம்பு நின்றிருக்கும், அல்லது பெரிய ஏர் லாக். இன்னும் ஒரு கிலோமீட்டர் போய்ப் பார்க்கலாம் என்ற ஆசையில் ஹெட் வளைந்துபோகும். ஹீட்டரில் நல்ல சூடு வந்துகொண்டு முள் மட்டும் லேசாக ஏறினால் கதை வேறு. ஹீட்டரை முழு வேகத்தில் வைத்தால் கொஞ்சம் சூட்டை அது இறக்கித் தரும், பத்திரமான இடம்வரை போகலாம்.

முள்ளை முழுக்க நம்ப வேண்டாம். பல கார்களில் அது நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருப்பார்கள். உண்மையான சூடு பத்திருபது டிகிரி ஏறி இறங்கினாலும் அசையாது. ஓபிடி ஸ்கேனரில் (காரின் கணினியோடு இணைத்துப் படிக்கும் கருவி) கூலன்ட் சூட்டை நேராகப் படியுங்கள். ஆனால் சென்சார் காற்றுக்குள் நின்றால் ஸ்கேனரும் தவறாகத்தான் சொல்லும்.

வாட்டர் பம்ப் மாற்றினோம். காற்றையும் எடுத்துவிட்டோம். ஆனாலும் சூடு இல்லை.

மூன்று இடம் பார்க்க வேண்டும். ஒன்று, பெல்ட் போன வழி. பெல்ட்டின் உள்பக்கம் ஓட வேண்டிய புல்லியில் முதுகுப்பக்கம் ஓடினால் பம்பு எதிர்த்திசையில் சுற்றும். இரண்டு, பம்பு வகை. ஒரே இன்ஜினுக்குப் பழைய வி-பெல்ட் அமைப்புக்கும் பிந்தைய ஒற்றைப் பட்டைப் பெல்ட் அமைப்புக்கும் எதிரெதிர்த் திசையில் சுற்றும் பம்புகள் உண்டு. வெளிக்கூடு ஒன்று போலவே இருக்கும், இறகின் வளைவு மட்டும் மாறும். போல்ட் எல்லாம் பொருந்திவிடும், தண்ணீர் ஓடாது. மாட்டுவதற்கு முன்பு பழைய பம்பையும் புதியதையும் பக்கத்தில் வைத்து இறகுகளைப் பாருங்கள்.

மூன்றாவது, சிலிக்கான் சீலன்ட். கேஸ்கெட்டோடு சேர்த்துத் தாராளமாகப் பூசினால், இறுக்கும்போது உள்பக்கம் பிதுங்கி, பிறகு மண்புழு போலத் துண்டு துண்டாகப் பிய்ந்து ஓட்டத்தோடு போகும். மிகக் குறுகலான வழி ஹீட்டர் கோரில்தான், அங்கே போய் அடைக்கும். பூசியே ஆக வேண்டும் என்றால் 2 முதல் 3 மில்லிமீட்டர் கோடு போதும். டியூபில் சொன்ன நேரம் காயவிட்டுத்தான் கூலன்ட் ஊற்ற வேண்டும்.

ஹீட்டர் கோர் அடைத்திருக்கிறது என்று உறுதியானால் என்ன செய்வது?

தண்ணீர் பாய்ச்சிக் கழுவலாம். ஆறிய இன்ஜினில் இரண்டு ஹோஸ்களையும் கோரின் குழாயிலிருந்து கழற்றுங்கள். ஒட்டிக்கொண்டிருக்கும் ஹோஸை இழுத்துத் திருகாதீர்கள். கோரின் குழாய் மெல்லிய அலுமினியம், வளைந்தால் டேஷ்போர்டையே பிரிக்க வேண்டி வரும். ஹோஸை நீளவாக்கில் கத்தியால் கீறி எடுத்துவிட்டுப் புதியது போடுவது மலிவு.

கூலன்ட் வெளியேறும் குழாயில் தோட்டத்துக் குழாயைப் பொருத்தி, எதிர்த்திசையில், குறைந்த அழுத்தத்தில் தண்ணீர் விடுங்கள். முதலில் செம்மண் கரைசல் போல வரும், துரும்புகள் வரும். தெளிந்ததும் திசையை மாற்றுங்கள், மறுபடி மாற்றுங்கள். கம்ப்ரஸர் காற்றை நேராகச் செலுத்த வேண்டாம்; கோர் அதிக அழுத்தம் தாங்காது. கடைசியில் கோருக்குள் நிற்கும் குழாய்த் தண்ணீரை வடித்துவிட்டு கூலன்ட் நிரப்புங்கள்.

வடியும் கூலன்ட்டைத் தட்டில் பிடியுங்கள். அதில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். நாயும் பூனையும் நக்கும், கொஞ்சமே உயிரை எடுத்துவிடும்.

இரண்டு ஹோஸ்களும் கொதிக்கின்றன. உள்ளே குளிர் காற்றுதான்.

அப்படியானால் கூலன்ட் பக்கம் வேலை முடிந்தது. டேஷ்போர்டுக்குள் ஒரு மடிப்புக் கதவு, காற்றைக் கோரின் வழியாக விடுவதா, சுற்றிவிடுவதா என்று தீர்மானிக்கிறது. அதை ஆட்டுவது சின்ன மோட்டார் அல்லது கேபிள். சூட்டைக் கூட்டும் திருகுப் பொத்தானைக் கடைசிவரை திருப்பும்போது டக் டக் டக் என்று சத்தம் வந்தால் மோட்டாரின் பல் உடைந்திருக்கிறது. சத்தமே இல்லாமல், கேபிளும் ஆடவில்லை என்றால் கிளிப் கழன்றிருக்கும்.

ரிப்பேரின்போது பேட்டரியைக் கழற்றியிருந்தால், சில கார்களில் இந்த மோட்டார் தன் எல்லைகளை மறந்துவிடும். இக்னிஷனைப் போட்டு, ஏசி பொத்தான் எதையும் தொடாமல் ஒன்றிரண்டு நிமிடம் விட்டால் பலவற்றில் தானே கற்றுக்கொள்ளும். ஓட்டுநர் பக்கம் சூடு, மறுபக்கம் குளிர் என்றால் இரட்டை மண்டல ஏசியில் ஒரு மோட்டார் போயிருக்கலாம். ஆனால் பாதி அடைத்த கோரும் இதே அறிகுறியைக் காட்டும், அதனால் ஹோஸ் சூட்டை அளந்த பிறகே மோட்டார் வாங்குங்கள்.

ஹோஸ் இரண்டையும் மாற்றி மாட்டிவிட்டால் கெட்டுப்போகுமா?

பல கார்களில் ஒன்றும் ஆகாது, எந்தப் பக்கம் ஓடினாலும் சூடு வரும். உள்ளே ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வளையம் இருக்கும் ஹோஸை இடம் மாற்றினாலோ, ஹீட்டர் ஹோஸையும் பைபாஸ் ஹோஸையும் (ரேடியேட்டருக்குப் போகாமல் கூலன்ட்டைச் சுற்றிவிடுவது) குழப்பினாலோதான் வினை. கழற்றுவதற்கு முன்பு ஒரு படம் எடுத்துவைத்தால் போதும்.

எத்தனை முறை காற்றை எடுத்தாலும் இரண்டு நாளில் மறுபடி குளிர்கிறது.

காற்று எங்கிருந்தோ வந்துகொண்டிருக்கிறது. கூலன்ட் குறைகிறது என்றால் முதலில் வெளி லீக்கைத் தேடுங்கள்: கிளிப்புகள், பம்புக்கு அடியில் காய்ந்த கறை, ரேடியேட்டர் மூடியின் ரப்பர். மூடியின் உள் வால்வு பழுதானால், ஆறும்போது ரிசர்வ் டேங்கிலிருந்து கூலன்ட்டுக்குப் பதில் காற்றை இழுக்கும். மேல் ஹோஸ் காலையில் சப்பையாக ஒட்டிக் கிடந்தால் மூடியை மாற்றுங்கள்.

வெளியே ஒன்றும் இல்லை, ஆனால் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்த ஒரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்லாகிறது, வாயில் குமிழி ஓயவில்லை என்றால் ஹெட் கேஸ்கெட் வழியாக எரிந்த வாயு உள்ளே வருகிறது. நீல நிறச் சோதனைத் திரவம் கிடைக்கும். ரேடியேட்டர் வாயில் மேலெழும் காற்றை அதன் ஊடாக இழுத்தால், வாயுக் கசிவு இருக்கும்போது மஞ்சளாகும். திரவத்தில் கூலன்ட் பட்டால் சோதனை செல்லாது, அதனால் மட்டத்தைக் கொஞ்சம் குறைத்துவிட்டுச் செய்யுங்கள்.

டேஷ்போர்டுக்குள் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கிறது.

கோருக்குள் காற்று. மறுபடி நிரப்புங்கள்.

கண்ணாடியில் பிசுபிசுப்பான பனி, உள்ளே இனிப்பு வாடை.

கோர் ஒழுகுகிறது. முன் இருக்கைப் பக்கம் விரிப்புக்கு அடியில் கை வைத்துப் பாருங்கள். வாடையில்லாத தெளிந்த நீர் என்றால் ஏசி வடிகுழாய் அடைத்திருக்கிறது, கவலை இல்லை. வழவழப்பும் நிறமும் இருந்தால் கூலன்ட். புதிய ரேடியேட்டர் மூடி போட்டதும் பழைய கோர் ஒழுகத் தொடங்குவது உண்டு. அழுத்தம் இல்லாமல் இத்தனை நாள் தாங்கிய கோர், சரியான அழுத்தம் வந்ததும் விட்டுக்கொடுக்கிறது.

லீக்கை நிறுத்தும் பொடி போடலாமா? வெறும் தண்ணீர் ஊற்றலாமா?

பொடி, துளை எது, குழாய் எது என்று பார்க்காது. ஹீட்டர் கோரைக் காப்பாற்ற வேண்டும் என்றால் போடாதீர்கள்.

வெறும் தண்ணீரில் துரு வரும், உறைபனியில் பிளாக் வெடிக்கும். கூலன்ட்டும் காய்ச்சி வடித்த தண்ணீரும் பாதிக்குப் பாதி போதும். எத்திலீன் கிளைக்கால் கலவை அப்போது ஏறத்தாழ மைனஸ் 37 டிகிரிவரை உறையாது. ஓர் அளவுக்கு மேல் அடர்த்தியைக் கூட்டினால் பாதுகாப்பு கூடாது, கலவை சூட்டைக் கடத்துவதுதான் குறையும். கடையில் வாங்கியது கலந்ததா, கலக்க வேண்டியதா என்று லேபிளைப் பாருங்கள்; கலந்ததில் மறுபடி தண்ணீர் சேர்ப்பது வழக்கமான தவறு. பச்சை, சிவப்பு, மஞ்சள் நிறத்தை வைத்து வகையைத் தீர்மானிக்காதீர்கள், நிறத்துக்குப் பொது விதி இல்லை. கையேட்டில் உள்ள தர எண்ணைப் பார்த்து வாங்குங்கள். ஒத்துப்போகாத இரண்டு வகை கலந்தால் துருத்தடுப்பு போய்விடும், சில நேரம் கூழாகிக் கோரில் உறைந்து நிற்கும்.

வெக்கூம் கருவியில் நிரப்பினால் இந்தச் சிக்கல் எல்லாம் வராதா?

பெரும்பாலும் வராது. ரேடியேட்டர் வாயில் கருவியைப் பொருத்தி உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சினால், மீட்டர் ஏறத்தாழ 0.8 பார் வெற்றிடம் காட்டும், ஹோஸ்கள் எல்லாம் சுருங்கி ஒட்டும். அப்படியே ஐந்து நிமிடம் விடுங்கள். முள் இறங்கினால் எங்கோ லீக் இருக்கிறது. கூலன்ட் ஊற்றுவதற்கு முன்பே தெரிந்துவிடும். நின்றால் வால்வைத் திறக்க, கேனிலிருந்து கூலன்ட் தானே உள்ளே ஏறி மூலைமுடுக்கெல்லாம் நிரம்பும். கேனில் போதிய கூலன்ட் இருக்கட்டும். குழாய் நுனி வெளியே வந்தால் மறுபடி காற்றைத்தான் குடிக்கும்.

மின்சார வாட்டர் பம்ப் உள்ள கார்களில் இன்ஜினை ஓட்டிக் காற்றை எடுக்க முடியாது. பம்பை மட்டும் தனியாக ஓடவிடும் முறை ஒன்று இருக்கும். ஸ்கேனரிலோ, இக்னிஷனைப் போட்டு ஆக்சிலரேட்டரைச் சில நொடி அழுத்திப் பிடித்தோ அதைத் தொடங்க வேண்டும். சில நிமிடங்கள் பம்பு ஓடும், அதுவரை பேட்டரிக்குச் சார்ஜர் போட்டுவையுங்கள்.